யாருக்காக நின்றது கடிகாரம்?

2020 மார்ச் 24 இரவு நாடு தழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டது. ஒரு வாரம் முடிவதற்குள், மார்ச் 31 அன்று, ஒன்றிய அரசு ஓர் அவசரச் சட்டத்தைப் பிறப்பித்தது. வரிக் கணக்குகளைத் தாக்கல் செய்வதற்கும் வரி தொடர்பான இன்னபிற கடமைகளை முடிப்பதற்குமான காலக்கெடுக்களை அது தள்ளிவைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் அது நாடாளுமன்றச் சட்டமாகவே ஆனது. ஊரடங்கு அறிவிப்புக்கும் ஒரு நாள் முன்னதாக, மார்ச் 23 அன்று, உச்ச நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்குத் தொடுப்பதற்கான காலவரம்புகளை நீட்டித்திருந்தது. பின்னர் வந்த ஆணைகளின்படி 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான காலம் முழுவதும் காலவரம்புக் கணக்கில் சேராது என்று ஆயிற்று. 2020 ஜூன் 5 அன்று இன்னோர் அவசரச் சட்டம் வந்தது. பெருந்தொற்றுக் காலத்தில் கடனைத் திருப்பிச் செலுத்தத் தவறிய நிறுவனங்கள்மீது, அந்தத் தவறுக்காக, நொடிப்பு நடவடிக்கை தொடங்கக்கூடாது என்றது அது. முதலில் 6 மாதங்களுக்கு என்றிருந்தது, ஓராண்டாக நீண்டது.

இவை மூன்றும் நியாயமானவை என்பதில் ஐயமில்லை. உலகமே நின்றுவிட்டபோது காலக்கெடு மட்டும் ஓடிக்கொண்டிருப்பது அநீதி என்ற எளிய அறமே மூன்றுக்கும் அடிப்படை. வரி செலுத்துபவருக்கும் வழக்காடுபவருக்கும் கடன்பட்ட நிறுவனத்திற்கும் கடிகாரம் நிறுத்திவைக்கப்பட்டது. அதே 2 ஆண்டுகளில் 20 வயதினர் 22 வயதினராயினர். 30 வயதினர் 32 வயதினராயினர். முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை பள்ளிக்கூடத்தின் கதவைக் காணாமலே மூன்றாம் வகுப்பின் வாசலில் கொண்டுவந்து நிறுத்தப்பட்டது. இவர்களுக்கென்று எந்தச் சட்டமும் கடிகாரத்தை நிறுத்தவில்லை. திட்டங்கள் வந்தன, சுற்றறிக்கைகள் வந்தன, 'ஒருமுறைச் சலுகை'கள் வந்தன. சட்டம் வரவில்லை.

சட்டத்திற்கும் திட்டத்திற்கும் தமிழில் ஓரெழுத்து வேறுபாடுதான். நடைமுறையில் அவற்றுக்கிடையே உள்ள தொலைவை அளக்க, 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் வழங்கிய ஒரு தீர்ப்பை வாசிப்பது போதும். மொழியியல் மாணவர்கள் வினைத்துணைச் சொற்களைப் பற்றிய பாடத்தில் சேர்த்துக்கொள்ளத் தகுந்த தீர்ப்பு அது.

2005 ஆம் ஆண்டின் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் 12 ஆம் பிரிவு, பேரிடரால் பாதிக்கப்பட்டவர்களுக்கு வழங்க வேண்டிய குறைந்தபட்ச நிவாரணத்திற்கான நெறிமுறைகளைத் தேசிய ஆணையம் பரிந்துரைத்தல் வேண்டும் என்கிறது. அந்நெறிமுறைகளில் கைம்பெண்களுக்கும் ஆதரவற்ற குழந்தைகளுக்குமான சிறப்பு ஏற்பாடுகள், உயிரிழப்புக்கான கருணைத்தொகை ஆகியவை இடம்பெறுதல் வேண்டும் என்கிறது. ஆங்கில மூலத்தில் 'ஷல்' என்ற சொல் அப்பிரிவின் முதல் வாக்கியத்திலேயே இரண்டு முறை வருகிறது. கோவிட் இறப்புகளுக்குக் கருணைத்தொகை கோரிய வழக்கில், இப்பிரிவு கட்டாயமானதன்று, அரசின் விருப்புரிமைக்கு உட்பட்டது என்று ஒன்றிய அரசு வாதிட்டது. சுருங்கச் சொன்னால், 'வேண்டும்' என்பதை 'லாம்' என்று படிக்குமாறு நீதிமன்றத்திடம் கேட்டது. நீதிபதிகள் அசோக் பூஷணும் எம்.ஆர். ஷாவும் அதை ஏற்கவில்லை. 'வேண்டும்' என்றால் வேண்டும்தான் என்றனர். தொகை எவ்வளவு என்பதை மட்டும் ஆணையத்தின் முடிவுக்கு விட்டனர். செப்டம்பரில் 50,000 ரூபாய் என்று முடிவாயிற்று. ஓர் உயிருக்கு அது என்ன தொகை என்ற கேள்வி வேறு. ஆனால், அந்தத் தொகையை ஒரு குடும்பம் கேட்டுப் பெற முடிந்ததற்கும், மறுக்கப்பட்டால் வழக்காட முடிந்ததற்கும் காரணம், 15 ஆண்டுகளுக்கு முன் யாரோ ஒரு வரைவாளர் எழுதிவைத்த ஒரு துணைவினை.

இளையோர் மீட்சிக்கென அரசு வகுத்த ஏற்பாடுகளில் அந்தத் துணைவினை எங்குமே இல்லை.

முதலில் பெற்றோரை இழந்த குழந்தைகளை எடுத்துக்கொள்ளலாம். 2022 ஜனவரியில் தேசியக் குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் உச்ச நீதிமன்றத்தில் அளித்த கணக்கின்படி, 2020 ஏப்ரல் முதல் கோவிட்டாலோ வேறு காரணங்களாலோ பெற்றோர் இருவரையும் இழந்த குழந்தைகள் 10,094 பேர். ஒருவரை இழந்தவர்கள் 1,36,910 பேர். கைவிடப்பட்டவர்கள் 488 பேர். மொத்தம் 1,47,492. இவர்களில் 100க்கு 93 பேர் தாயையோ தந்தையையோ மட்டும் இழந்தவர்கள்.

2021 மே 29 அன்று அறிவிக்கப்பட்ட, பிரதமரின் 'பிஎம் கேர்ஸ்' நிதியத்திலிருந்து குழந்தைகளுக்கு உதவும் திட்டம், பெற்றோர் இருவரையும், அல்லது எஞ்சியிருந்த ஒரே பெற்றோரை, அல்லது சட்டப்படியான காப்பாளரையோ தத்துப் பெற்றோரையோ இழந்தவர்களுக்கானது. 23 வயதில் 10 லட்சம் ரூபாய், அதுவரை 5 லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு, 18 வயதுக்குமேல் மாத உதவித்தொகை, பள்ளிப் பருவத்தில் ஆண்டுக்கு 20,000 ரூபாய். கிடைத்தவர்களுக்கு இது பெரிய உதவி. அதைக் குறைத்துப் பேசுவதற்கில்லை. ஆனால் தந்தை இறந்து, தாய் மட்டும் எஞ்சிய குழந்தைக்கு இதில் இடமில்லை. இந்தியக் குடும்பங்களின் வருமானம் பெரும்பாலும் யார் கையில் இருக்கிறது என்பதை அறிந்த எவருக்கும், அந்த 1,36,910 குழந்தைகளில் எத்தனை பேரின் படிப்பு அந்த ஒற்றை மரணத்தோடு ஆட்டம் கண்டிருக்கும் என்பது சொல்லாமலே விளங்கும். தமிழ்நாடு அரசு அதே 2021 மே மாதத்தில் பெற்றோர் இருவரையும் இழந்தவர்களுக்கு 5 லட்சம் ரூபாய் என்று அறிவித்தபோது, ஒருவரை இழந்தவர்களுக்கு 3 லட்சம் ரூபாய் என்றும் சேர்த்தது. ஒன்றியத்தின் 'மிஷன் வாத்சல்யா' திட்டத்தில் மாதம் 4,000 ரூபாய் ஆதரவுத்தொகைக்கு இடமுண்டு. ஆனால் குடும்ப வருமானம் கிராமப்புறத்தில் ஆண்டுக்கு 72,000 ரூபாயையும் நகரத்தில் 96,000 ரூபாயையும் தாண்டக்கூடாது. நகரத்தில் மாதம் 8,000 ரூபாய்க்குமேல் சம்பாதிக்கும் கைம்பெண்ணின் பிள்ளைக்கு அந்தக் கதவும் அடைபட்டதுதான்.

பிஎம் கேர்ஸ் திட்டத்திற்கு நாடு முழுவதிலுமிருந்து ஏறத்தாழ 9,300 விண்ணப்பங்கள் வந்தன. அவற்றில் பாதிக்கும் குறைவாக, சுமார் 4,500 விண்ணப்பங்களே ஏற்கப்பட்டன. மறுக்கப்பட்டவற்றில் தகுதியற்றவையும் இருந்திருக்கும். ஒற்றைப் பெற்றோரை இழந்தோர் தெரியாமல் விண்ணப்பித்தவையும் இருந்திருக்கும். ஆனால் மறுக்கப்பட்ட குழந்தைக்குச் சட்டவழி மேல்முறையீடு என்று ஒன்று இல்லை. ஏனெனில் அக்குழந்தை உரிமை எதையும் கோரவில்லை. ஓர் அறக்கட்டளையிடம் உதவி கேட்டது. அந்த நிதியம் 'அரசு' என்ற வரையறைக்குள்ளும் வராது, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ்ப் 'பொது அதிகார அமைப்பு' என்பதற்குள்ளும் வராது என்பதே தில்லி உயர் நீதிமன்றத்தில் பிரதமர் அலுவலகம் எடுத்த நிலைப்பாடு. திட்ட ஆவணங்களில் இக்குழந்தைகளுக்கு வழங்கப்படும் பெயர் 'பயனாளி'. உரிமை உடையவர் வழக்காடலாம். பயனாளி நன்றி சொல்லலாம்.

அடுத்து வயதுவரம்பு. இங்குதான் சட்டமின்மையின் கோலம் முழுமையாகத் தெரிகிறது.

2020 அக்டோபர் 4 அன்று குடிமைப் பணிகளின் முதல்நிலைத் தேர்வு நடந்தது. பயிற்சி மையங்கள் மூடிக் கிடந்தன. மருத்துவமனைகளிலும் காவல் பணியிலும் இருந்தவர்களுக்குப் புத்தகத்தைத் திறக்க நேரமில்லை. அந்தத் தேர்வோடு தம் கடைசி வாய்ப்பை இழந்தவர்கள் ஒரு கூடுதல் வாய்ப்புக் கேட்டு உச்ச நீதிமன்றம் சென்றனர். வயது கடந்துவிடாதவர்களுக்கு மட்டும் ஒருமுறை வாய்ப்பளிக்கலாம் என்று ஒன்றிய அரசு ஒரு கட்டத்தில் இறங்கிவந்தது. ஆனால் 2021 பிப்ரவரி 24 அன்று நீதிமன்றம் மனுவையே தள்ளுபடி செய்தது. இது கொள்கை முடிவு, நீதிமன்றம் கட்டளையிட இயலாது என்பதே அதன் சாரம். சட்டத்தில் பற்றிக்கொள்ள ஒரு சொல்லாவது இருந்திருந்தால், நான்கு மாதங்கள் கழித்துக் கருணைத்தொகை வழக்கில் நடந்தது இங்கும் நடந்திருக்கக்கூடும்.

அதே 2021 செப்டம்பரில் தமிழ்நாடு அரசு, பெருந்தொற்றால் தேர்வுகள் நடக்காததைக் காரணம் காட்டி, அரசுப் பணி நேரடி நியமனத்திற்கான உச்ச வயதுவரம்பை 2 ஆண்டுகள் உயர்த்தியது. 2022 ஜூன் 14 அன்று அக்னிபத் திட்டம் அறிவிக்கப்பட்டபோது வயதுவரம்பு பதினேழரை முதல் 21 வரை என்றிருந்தது. வட மாநிலங்களின் சாலைகளிலும் தொடர்வண்டி நிலையங்களிலும் கொதிப்பு வெடித்தது. 2 நாள்களில், அந்த ஆண்டுக்கு மட்டும் உச்ச வயது 23 ஆயிற்று. கடந்த 2 ஆண்டுகள் ஆள்சேர்ப்பு நடைபெறவில்லை என்பதே அரசு சொன்ன காரணம். மத்திய ஆயுதக் காவல் படைகளுக்கான 2022 காவலர் தேர்வு அறிவிக்கையில் அது 3 ஆண்டுத் தளர்வாக இருந்தது.

ஒரே பெருந்தொற்று. ஓரிடத்தில் அது பறித்த காலம் 3 ஆண்டு, இன்னோரிடத்தில் 2 ஆண்டு, மற்றோரிடத்தில் சுழியம். இந்த எண்களுக்குப் பின்னால் இருந்தது கோட்பாடன்று. யார் எவ்வளவு சத்தமிட்டார்கள், எந்தத் துறைக்கு எவ்வளவு ஆள் தேவைப்பட்டது என்பதே. கடிகாரத்தை நிறுத்த வரி செலுத்துபவர் தெருவில் இறங்க வேண்டியிருக்கவில்லை. பீகாரின் கிராமத்து மண்சாலைகளில் விடியற்காலையில் ஓடிப் பழகிக்கொண்டிருந்த இளைஞர்கள் இறங்க வேண்டியிருந்தது. சாலைக்கு வந்தவர்களுக்கு 2 ஆண்டு கிடைத்தது. நீதிமன்றத்துக்குப் போனவர்களுக்குக் கிடைக்கவில்லை. இளைய தலைமுறைக்கு அரசு கற்பித்த குடிமைப் பாடம் அது என்றால், அதன் விளைவுகளைப் பற்றிப் பிற்பாடு வியப்பதற்கு உரிமையில்லை.

ஆய்வுலகம் இதில் தன் பங்கையும் பார்த்தது. ஆய்வகங்களும் நூலகங்களும் ஆவணக் காப்பகங்களும் மூடப்பட்டிருந்தன. களப்பணி என்ற சொல்லே பொருளிழந்திருந்தது. பேச்சுமொழித் தரவு திரட்டும் ஒருவர், முகக்கவசமணிந்த தகவலாளியின் உதட்டசைவை எந்த ஒலிவாங்கியில் பதிவுசெய்வார்? பல்கலைக்கழக மானியக் குழு இதை உணராமலில்லை. ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் காலக்கெடுவை 6 மாதம், 6 மாதமாக நீட்டித்துக்கொண்டே வந்தது. ஆனால் அந்நீட்டிப்பு அறிவிப்புகளில் ஒரு வாக்கியம் தவறாமல் தொடர்ந்தது: உதவித்தொகையின் காலம் 5 ஆண்டுகளாகவே இருக்கும். அதாவது, ஆய்வாளர் இன்னும் ஓராண்டு ஆய்வு செய்யலாம், சாப்பிடத்தான் கூடாது. வீட்டில் வசதியுள்ளவர்களுக்கு இந்நீட்டிப்பு ஒரு நிம்மதி. முதல் தலைமுறைப் பட்டதாரிகளுக்கோ, விடுதிக் கட்டணமும் வீட்டுக்கு அனுப்பும் தொகையும் ஒரே உதவித்தொகையிலிருந்து போகவேண்டியவர்களுக்கு, அது காகிதத்தில் மட்டும் நீண்ட காலம். பெருந்தொற்றின்போது ஆய்வை விட்டவர்கள் எத்தனை பேர், அவர்களில் பெண்கள் எத்தனை, பட்டியல் சாதியினர் எத்தனை என்ற பட்டியலை ஒவ்வொரு துறையும் தன் வருகைப் பதிவேட்டிலிருந்தே தயாரித்துவிட முடியும். அதைக் கேட்பதற்குத்தான் எந்தச் சட்டமும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை.

பள்ளிக்கூடத்திற்கு வந்தால் நிலைமை சற்றுச் சிக்கலானது. ஏனெனில் அங்கே ஒரு சட்டம் ஏற்கெனவே இருக்கிறது. 2009 ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு, பள்ளி செல்லாதிருந்த குழந்தையை வயதுக்கேற்ற வகுப்பில் சேர்க்கும்போது, மற்றவர்களுக்கு இணையாக அக்குழந்தை வருவதற்குச் சிறப்புப் பயிற்சி பெறும் உரிமையை அளிக்கிறது. 14 வயது கடந்தாலும் தொடக்கக் கல்வி முடியும்வரை இலவசக் கல்வி தொடரும் என்கிறது. 24 ஆம் பிரிவு, ஒவ்வொரு குழந்தையின் கற்றல் திறனையும் மதிப்பிட்டு, தேவைப்படும் கூடுதல் கற்பித்தலை வழங்குவதை ஆசிரியரின் கடமையாக்குகிறது. பெருந்தொற்றுக்குப் பிந்தைய மீட்புச் சட்டம் ஒன்றின் விதைகள் இவை. ஆனால் 4 ஆம் பிரிவு தனித்தனிக் குழந்தைகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. நாட்டின் எல்லாக் குழந்தைகளும் ஒரே நேரத்தில் 'பள்ளி செல்லாக் குழந்தை'களாக மாறும் காலம் ஒன்று வரும் என்று 2009இல் யாரும் நினைத்திருக்க முடியாது. பதிவேட்டில் பெயர் இருந்ததால் அவர்கள் பள்ளி செல்பவர்களாகவே கணக்கிடப்பட்டனர்.

2021 ஆகஸ்டில் ஜான் திரேஸ், ரீத்திகா கேரா உள்ளிட்ட குழுவினர் 15 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் ஏழைக் குடும்பங்களின் சுமார் 1,400 குழந்தைகளிடம் நடத்திய ஆய்வில், கிராமப்புறக் குழந்தைகளில் 37 விழுக்காட்டினர் அப்போது படிக்கவே இல்லை. இணையவழியில் ஒழுங்காகப் படித்தவர்கள் 8 விழுக்காட்டினர். 'ஏசர்' கிராமப்புற ஆய்வு சொல்வதும் அதையே: இரண்டாம் வகுப்புப் பாடத்தைப் படிக்க முடிந்த மூன்றாம் வகுப்புக் குழந்தைகள் 2018இல் 27.3 விழுக்காடு, 2022இல் 20.5 விழுக்காடு.

2024இல் அந்த எண் 27.1 ஆக உயர்ந்தது. மீட்சி நிறைவுற்றது என்று பலர் எழுதினர். இங்கே சற்று நிதானிப்பது நல்லது. 2024இல் மூன்றாம் வகுப்பிலிருந்த குழந்தை, பள்ளிகள் திறந்தபின் 2022இல் முதல் வகுப்பில் சேர்ந்த குழந்தை. பெருந்தொற்று அதன் பள்ளி நாள்களைத் தொடவில்லை. 2022இல் 20.5 என்று அளக்கப்பட்ட குழந்தைகள் 2024இல் ஐந்தாம் வகுப்பில் இருந்தனர். ஐந்தாம் வகுப்பின் எண்ணைப் பார்த்தால் அவர்களும் பெருமளவு மேலேறியிருக்கிறார்கள் என்பது உண்மையே. 2018இன் ஐந்தாம் வகுப்பினர் 50.5, இவர்கள் 48.8. ஆசிரியர்களுக்குரிய பாராட்டு அது. ஆனால் இக்கணக்கில் வகுப்பறையில் எஞ்சியவர்கள் மட்டுமே உள்ளனர். செங்கல் சூளைக்கும் பின்னலாடைத் தொழிற்சாலைக்கும் போனவர்கள், திருமணமாகிப் போன சிறுமிகள், தொகுதியிலிருந்தும் பகுதியிலிருந்தும் ஒருசேர நீங்கிவிட்டார்கள்.

தமிழில் 'மீள்தல்' தன்வினை, 'மீட்டல்' பிறவினை. மீள்பவர் தாமே திரும்பி வருகிறார். மீட்பதற்கு இன்னொருவர் வேண்டும். அரசின் அறிக்கைகள் சராசரி மீண்டதைச் சொல்கின்றன. யாரை யார் மீட்டார் என்ற கேள்விக்கு அவற்றில் எழுவாயே இல்லை. 'இடைநிற்றல்' என்ற சொல்லும் அப்படித்தான். குழந்தை தானாக நடுவழியில் நின்றுவிட்டதாக ஒலிக்கிறது அச்சொல். நிறுத்தியவரைப் பற்றி அதற்குத் தெரியாது.

மீட்க முடியும் என்பதற்குச் சான்று இல்லாமலில்லை. தமிழ்நாட்டின் 'இல்லம் தேடிக் கல்வி' 2021 அக்டோபரில் தொடங்கியது. கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங் முதலியோரின் ஆய்வு, பள்ளிகள் திறந்த ஆறே மாதங்களில் கற்றல் பின்னடைவில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு ஈடுசெய்யப்பட்டதையும், அந்த ஈட்டில் சுமார் நான்கில் ஒரு பங்கு இம்மாலை வகுப்புகளால் வந்ததையும் காட்டியது. அவ்வகுப்புகளை நடத்திய தன்னார்வலர்களில் பெரும்பாலோர் பெண்கள். அவர்களுக்குக் கிடைத்த ஊக்கத்தொகை மாதம் 1,000 ரூபாய். மாநிலத்தின் ஒரு தலைமுறையைக் கைதூக்கிவிட்டவர்களின் ஒருநாள் உழைப்புக்கு 33 ரூபாய். இதையும் சட்டமின்மையின் கணக்கில்தான் எழுத வேண்டும். திட்டத்தில் தொண்டர் இருப்பார், பணியாளர் இருக்கமாட்டார்.

இனி, 2024 டிசம்பர் 16. கல்வி உரிமைச் சட்டத்தின் 2019 ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்தாம், எட்டாம் வகுப்புகளில் தேர்வு வைத்து, தேறாதவர்களை நிறுத்திவைக்கலாமா என்பதை அரசுகளின் முடிவுக்கு விட்டிருந்தது. 'லாம்' என்று இருந்த அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் விதிகளை ஒன்றிய அரசு அந்நாளில்தான் அறிவித்தது. தேறாத குழந்தைக்குக் கூடுதல் கற்பித்தல், 2 மாதங்களுக்குள் மறுதேர்வு, அதிலும் தேறாவிட்டால் அதே வகுப்பு. கேந்திரிய வித்யாலயா, நவோதயா போன்ற ஒன்றியப் பள்ளிகளுக்கு இது பொருந்தும். தமிழ்நாடு தன் பள்ளிகளில் பின்பற்றப் போவதில்லை என்று அறிவித்தது. தேர்ச்சி நிறுத்தம் நல்லதா கெட்டதா என்ற நெடிய விவாதம் இங்கே வேண்டியதில்லை. பார்க்க வேண்டியது ஆண்டுக் கணக்கை மட்டுமே. 2024-25இல் ஐந்தாம் வகுப்பிலிருந்த குழந்தை 2020-21இல் முதல் வகுப்பில் 'சேர்ந்த' குழந்தை. அன்று எட்டாம் வகுப்பிலிருந்தவர் பள்ளி மூடியபோது நான்காம் வகுப்புக்குப் போகவிருந்தவர். நாட்டில் எத்தனையோ தலைமுறை மாணவர்கள் இருக்க, எழுத்தறியும் பருவத்தை வீட்டுத் திண்ணையில் கழித்த அதே குழந்தைகளின் வகுப்பைத் தேடிப்பிடித்தாற்போல் விதி வந்து சேர்ந்தது. தீய நோக்கம் ஏதும் இருந்திருக்காது. இப்படியொரு தலைமுறை இருக்கிறது என்பதைச் சட்டத்தில் எங்குமே எழுதிவைக்காததால், விதியை வரைந்தவரின் கண்ணில் அவர்கள் படவில்லை, அவ்வளவே.

பெருந்தொற்றின் இடையே நாடாளுமன்றம் இளையோரைப் பற்றிச் சிந்திக்கவே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. 2021 டிசம்பரில் பெண்ணின் திருமண வயதை 21 ஆக்கும் மசோதா மக்களவையில் அறிமுகமானது. நிலைக்குழுவுக்குப் போய், 17 ஆம் மக்களவையோடு காலாவதியானது. பெண்பிள்ளை 21 வயதுவரை மணம் செய்துகொள்ளக்கூடாது என்று சொல்ல முற்பட்ட அம்மசோதாவில், அந்த 21 வயதுவரை அவள் படிப்பதற்கு யார் வழிசெய்வது என்பதற்கு ஒரு பிரிவும் இல்லை. கல்வி உரிமை 14 வயதோடு முடிந்துவிடுகிறது. இடைப்பட்ட 7 ஆண்டுகளுக்குத் தடை மட்டும் உண்டு, துணை இல்லை.

சட்டம் வேண்டும் என்பதற்கு எதிராகச் சொல்லப்படுவன இரண்டு. ஒன்று, பேரிடர் விரைவைக் கோருவது; சட்டமியற்றல் மெதுவானது. மார்ச் 31 அவசரச் சட்டமே இதற்குப் போதுமான மறுமொழி. மற்றொன்று கனமானது. சட்டத்தில் எழுதினால் மட்டும் நடந்துவிடுமா? கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவே பல மாவட்டங்களில் ஏட்டில்தான் இருக்கிறது. நிதியில்லாத உரிமை ஏமாற்று அல்லவா? இது உண்மை. உரிமைச் சட்டங்களின் வரலாறு நிறைவேறாத வாக்குறுதிகளின் வரலாறுமாகும். ஆனால் நிறைவேறாத உரிமை ஒரு வழக்காகவாவது எஞ்சும். முடிந்துபோன திட்டம் எதுவாகவும் எஞ்சாது. நிதியைப் பொறுத்தவரை, சட்டத்திற்குள்ளேயே நிதியைக் கட்டிவைக்கும் வழி உண்டு. அமெரிக்காவில் 2021 மார்ச் 11 அன்று இயற்றப்பட்ட மீட்புச் சட்டம் பள்ளிகளுக்குச் சுமார் 12,200 கோடி டாலர் ஒதுக்கியது. அதில் உள்ளூர்ப் பள்ளி நிருவாகம் ஒவ்வொன்றும் தனக்குக் கிடைத்ததில் 20 விழுக்காட்டுக்குக் குறையாமல் கற்றல் இழப்பை ஈடுசெய்யவே செலவிட வேண்டும் என்று சட்டமே விதித்தது. எல்லா இடத்திலும் அது நன்றாகச் செலவானது என்று யாரும் சொல்லவில்லை. எங்கே அந்த 20 விழுக்காடு என்று ஒரு தாய் பள்ளி வாரியக் கூட்டத்தில் எழுந்து கேட்க முடிந்தது.

இந்தியாவில் அதற்கு இணையாக நடந்தது என்ன? நாடாளுமன்றத்தின் கல்வி நிலைக்குழு 2021 ஆகஸ்டில் கற்றல் இடைவெளியைப் பற்றி ஓர் அறிக்கை தந்தது. நல்ல அறிக்கை. அதன் பரிந்துரைகள் அரசைக் கட்டுப்படுத்துவன அல்ல.

வேண்டப்படும் சட்டம் பெரிதாகக்கூட இருக்க வேண்டியதில்லை. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தில் இன்னொரு பிரிவைச் சேர்த்தாலும் போதும்: கல்வி நிலையங்களை அரசு குறிப்பிட்ட நாள்களுக்குமேல் மூடினால், அந்தக் காலம் தேர்வு வயதுவரம்பிலும் வாய்ப்புகளின் எண்ணிக்கையிலும் ஆய்வு உதவித்தொகைக் காலத்திலும் சேராது என்று; வழக்குகளுக்கு உச்ச நீதிமன்றம் சொன்ன அதே வாக்கியம்தான். மூடப்பட்ட காலத்தில் பள்ளி வயதிலிருந்த ஒவ்வொரு குழந்தைக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 4 ஆம் பிரிவு தானாகவே பொருந்தும் என்று ஒரு வரி. அந்தத் தலைமுறை பள்ளியைக் கடக்கும்வரை தேர்ச்சி நிறுத்தம் கூடாது என்று இன்னொரு வரி. 12 ஆம் பிரிவில் 'ஆதரவற்ற குழந்தைகள்' என்றிருப்பதைப் பெற்றோரில் ஒருவரை இழந்தவர்களுக்கும் விரிக்க வேண்டும். இவற்றில் பாதிக்குப் பணச் செலவே கிடையாது. எல்லாவற்றிலும் துணைவினை 'வேண்டும்' என்றிருக்க வேண்டும்.

காலம் கடந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்கு ஒரு கணக்கு. 2020 ஜூனில் முதல் வகுப்புக்குப் போயிருக்க வேண்டிய குழந்தை பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வை எழுதப்போவது 2030இல்.